எண்பதைத் தாண்டினால் நடுக்கம்

பிப்ரவரி 3

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம், நீங்கள் கொடுத்த காரைத் தவிர.

போனில் சொல்லியிருப்பேன். ஆனால் நம் பேத்தி சிட்டுவின் மூக்கு எந்த வீட்டு மூக்கு என்று நாம் இருவரும் போட்ட சண்டைக்குப் பிறகு உங்கள் மகள் போட்ட சட்டம் உங்களுக்கே தெரியும். "இனிமே நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசவே கூடாது. எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க. எழுதுறப்பவாவது கொஞ்சம் யோசிப்பீங்க" என்று சொல்லிவிட்டாள். எனக்கு மருமகளாகவும் உங்களுக்கு மகளாகவும் அவளே இருப்பதால் நம் இருவருக்கும் தப்பிக்க வழியில்லை. ஆகவே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். கார் எண்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது. எழுபது வரை சாது. அதற்கு மேல் உள்ளங்கையில் லேசாகக் குறுகுறுக்கிறது. எண்பதைத் தொட்டதும் என் வளையல்கள் தானாகக் குலுங்குகின்றன. போன வாரம் புறவழிச்சாலை ஓரத்தில் ஒரு புது வீட்டுக்குத் திரைச்சீலை அளவெடுக்கப் போகும்போதுதான் கவனித்தேன். கடைக்குத் திரும்பி வந்து ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கை ஆடிக்கொண்டே இருந்தது.

இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். "ஏன் ஆடுதுன்னு தெரியற வரைக்கும் என் குழந்தைய அந்த வண்டியில ஏத்த மாட்டேன்" என்றாள் உங்கள் மகள். மெதுவாகப் போகலாமே என்றேன். "மெதுவாப் போனா ஆடலைங்கறதுக்காக உள்ள எதுவும் கழண்டு போகலைன்னு அர்த்தமா, அத்தை?" என்று திருப்பிக் கேட்கிறாள். பயப்படுவதில் அவள் உங்களை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள்.

எனவே இந்த மாதம் சிட்டுவைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னது தள்ளிப்போகிறது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் நெடும்பயணம் செய்யக் கூடாது. பஸ்ஸில் ஏற்றினால் சிட்டு முதல் நிறுத்தத்துக்கு முன்பே வாந்தி எடுத்துவிடுகிறாள். வாடகைக் காரில் முகம் தெரியாத டிரைவரோடு வரவே கூடாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மிச்சம் இருப்பது இந்தக் கார் ஒன்றுதான். அதனால்தானே இதை எங்களிடம் கொடுத்தீர்கள்?

சிட்டு இப்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். மூக்கு இருந்தபடியேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
சம்பந்தி


பிப்ரவரி 9

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன்.

அந்தக் கார் என்னிடம் இருந்தவரை ஒருநாள்கூட நடுங்கியதில்லை. வேலை பார்த்த காலம் முழுக்க லிப்ட் பரிசோதகனாக இருந்தவன் நான். எத்தனையோ மாடிகளுக்கு மேலே, இரும்பு வடத்தில் ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் என் பாதத்துக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவன், நடுங்குகிற வண்டியைத் தங்கள் தலையில் கட்டிவிட்டான் என்று தாங்கள் எழுதவில்லைதான். ஆனால் எழுதாமல் விட்ட இடத்தில் எனக்கு அப்படித்தான் படிக்கக் கிடைத்தது.

ஒரு சின்ன சந்தேகம். எண்பதில் போய்த்தான் ஆக வேண்டுமா? நான் ஐம்பதைத் தாண்டியதே கிடையாது. பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும். அவர்கள் கை, அவர்கள் ஹாரன்.

தாங்கள் திரைச்சீலைக் கம்பிகளையெல்லாம் ஒரே பக்கமாக அடுக்கிக்கொண்டு போவதாக என் மகள் முன்பு ஒருமுறை சொன்ன ஞாபகம். அவற்றை இறக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சக்கரத்தின் உட்பக்கம் சேறு காய்ந்து ஒட்டியிருந்தாலும் வேகத்தில் ஆடும். நன்றாகக் கழுவச் சொல்லுங்கள்.

நான் இங்கே சிட்டு வருவதற்காக வீட்டைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். ஜன்னல்களுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டாயிற்று. வாளிகளைப் பரண்மேல் ஏற்றியாயிற்று. கூடத்து மேசையின் முனைகள்தான் கூர்மையாக இருக்கின்றன. பஞ்சு வைத்துத் துணியால் மூடலாம் என்று நினைக்கிறேன். எப்படி அடித்தால் நிற்கும்? தங்கள் தொழில் ஆயிற்றே, சொல்லுங்கள்.

மூக்கைப் பற்றி இப்போது எதுவும் பேச விரும்பவில்லை. என் அப்பாவின் புகைப்படம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். சும்மாதான்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி


பிப்ரவரி 20

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். புகைப்படம் கிடைத்தது. உங்கள் அப்பா கம்பீரமாக இருக்கிறார். மீசை முக்கால் மூக்கை மறைத்திருப்பதால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியவில்லை.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். கம்பிகளை இறக்கினேன். டிக்கியில் நீங்கள் விட்டுவைத்திருந்த தீயணைப்புக் கருவி, கயிறு, விசில், அந்தக் கயிறு அறுந்தால் பயன்படுத்த இன்னொரு கயிறு, எல்லாவற்றையும் இறக்கினேன். சக்கரங்களை உள்ளும் புறமும் கழுவினேன். வண்டி பளிச்சென்று ஆனது. பளிச்சென்ற வண்டி பழையபடியே நடுங்கியது.

பிறகு மெக்கானிக்கிடம் போனேன். "வேகத்துல மட்டும் ஆடுதுன்னா வீல் பேலன்ஸ்தாம்மா. அஞ்சே நிமிஷம்" என்றார். சக்கரத்தைக் கழற்றி ஒரு இயந்திரத்தில் மாட்டிச் சுற்றவிட்டார். எங்கே எடை குறைகிறதோ அந்த விளிம்பில் சின்ன ஈயத்துண்டு ஒட்டினால் சரியாகிவிடுமாம். எனக்கு உடனே புரிந்தது. திரைச்சீலை கோணலாகத் தொங்கினால் நாங்களும் அடி மடிப்பில் ஈயக் குண்டு வைத்துத்தான் தைப்போம்.

அங்கேதான் வேடிக்கை ஆரம்பமானது. இயந்திரம் காட்டிய இடத்தில் ஒட்டிவிட்டு மறுபடி சுற்றினால் வேறு இடத்தைக் காட்டுகிறது. அங்கே ஒட்டினால் எதிர்ப்பக்கத்தைக் காட்டுகிறது. அவர் முதலில் சக்கரத்தை முறைத்தார், அப்புறம் இயந்திரத்தை முறைத்தார், கடைசியில் என்னை முறைத்தார். "மெஷின்லதான் ஏதோ கோளாறு போல" என்று சொல்லி வேறொருவர் காரின் சக்கரத்தை மாட்டிப் பார்த்தார். அது சமர்த்தாக ஒரே இடத்தைக் காட்டியது. நம் சக்கரத்தை மாட்டியதும் மீண்டும் அடம். அஞ்சு நிமிஷ வேலை அரைநாள் ஆனது. சாயங்காலம் எடுத்து ஓட்டினேன். வளையல் குலுங்கியது.

தவறாக நினைக்காதீர்கள், ஒன்று கேட்கிறேன். இந்தக் கார் எங்கேயாவது மோதியிருக்கிறதா?

மேசை முனைகளுக்குச் சோபாவுக்கு அடிக்கும் குமிழ் ஆணிதான் சரி. பஞ்சு தடிமனாக இருக்கும் என்பதால் நீளமானதாக ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். தலை செம்பு நிறத்தில் உருண்டையாக இருக்கும். குழந்தைக்கு எட்டாதபடி மேசையின் அடிப்பக்கமாக அடியுங்கள்.

சம்பந்தி


பிப்ரவரி 27

பேரன்பிற்கும் பெருமதிப்பிற்கும் என்றென்றும் உரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

மோதியிருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். மோதியிருக்கிறது. பின்பக்கமாக எடுக்கும்போது ஒரு பூந்தொட்டியில். தொட்டிக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை.

மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். சிட்டுவைக் கூட்டிவர இஷ்டமில்லை என்றால் நேராகவே சொல்லிவிடலாம். அதற்கு ஸ்டியரிங்கைச் சாக்காக்க வேண்டாம். பிறந்த புதிதில் ஆஸ்பத்திரியில் அவளைக் கையில் வாங்கியதோடு சரி. அதற்குப் பிறகு உள்ளங்கை அகலத் திரையில்தான் பார்க்கிறேன். போன வாரம் வீடியோவில் என்னைப் பார்த்துச் சிரித்தாள் என்று அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். பிறகு என் மகள் சொன்னாள், எனக்குப் பின்னால் சுவரில் பல்லி இருந்ததாம்.

மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடித்தால் கடிதம் அசிங்கமாகத் தெரியும் என்பதால் விட்டுவிட்டேன். படிக்காதது போல இருந்துவிடுங்கள்.

மெக்கானிக் என்ன சொன்னால் என்ன, முறையாக ஆராய வேண்டும். லிப்டிலும் அப்படித்தான் செய்வோம். பிரேக் பிடிக்கும்போது ஆட்டம் அதிகமாகிறதா? அப்படியென்றால் பிரேக் தட்டு வளைந்திருக்கும். கையில் மட்டும் ஆடினால் முன்சக்கரம், இருக்கையும் சேர்ந்து ஆடினால் பின்சக்கரம். காலையில் ஒரு மாதிரியும், ஓடி ஓடிச் சூடான பிறகு வேறு மாதிரியும் ஆடுகிறதா என்றும் பாருங்கள்.

ஆணிகள் கிடைத்தன. நன்றி. நான்கு முனைகளுக்கும் அடித்தாயிற்று. நிறைய மிச்சம் இருக்கிறது.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
சம்பந்தி


மார்ச் 12

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் மகளிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் எழுதுவதற்கும் தடை வந்திருக்கும்.

சாக்கு என்று எழுதிவிட்டீர்கள். ரொம்பக் கோபம் வந்தது. கடையில் ஆர்டர்கள் குவிந்து கிடக்க, இந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறை பட்டறையாக அலைகிறேன் நான். காலையில் என் பேத்தி கண் விழித்ததும் முதலில் தேடுவது என்னைத்தான். அந்தப் பெருமையில் நாலைந்து நாளை உங்களுக்குக் கொடுப்பதால் நான் குறைந்துபோய்விட மாட்டேன். பல்லி விஷயத்தைப் படித்த பிறகு கோபம் போய்விட்டது. இருந்தாலும் நான் கோபப்பட்டேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் கேள்விகளுக்குப் பதில். பிரேக் பிடித்தால் மாற்றம் இல்லை. கையும் ஆடுகிறது, இருக்கையும் ஆடுகிறது. காலையில் வண்டியை எடுத்தவுடன் மோசம். கொஞ்ச தூரம் ஓடினால் சற்றே அடங்குகிறது. மறுநாள் காலையில் பழைய கதை. இதை மெக்கானிக்கிடம் சொன்னேன். "அம்மா, நான் இருக்கிற போல்ட்டு எல்லாத்தையும் முறுக்கிட்டேன். எனக்கே இப்ப தூக்கத்துல ஸ்டியரிங் ஆடுது. டயர்கடைக்குப் போயிருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

டயர்கடைக்காரர் வாட்டசாட்டமான ஆள். அதிகம் பேசுவதில்லை. சக்கரத்தைக் கழற்றி, நெஞ்சோடு தூக்கிப் பிடித்து, காதருகே வைத்து ஆட்டினார். தேங்காய் வாங்குகிறவர் மாதிரி. பிறகு என்னையும் காதை வைக்கச் சொன்னார். உள்ளே சளக் சளக் என்றது.

"என்னங்க, டயருக்குள்ள தண்ணியா?" என்றேன்.

"தண்ணி இல்லீங்க" என்றார்.

டயரை வளையத்திலிருந்து நெம்பினார். பச்சை நிறத்தில், கெட்டியாக, கஞ்சி மாதிரி ஒன்று கொட்டியது. அவர் செருப்பு, என் செருப்பு, தரையில் படுத்திருந்த பூனையின் வால், எதையும் அது விடவில்லை. ஒரு டயர் என்றால் பரவாயில்லை. நான்கிலும் அதே. டிக்கியில் இருந்த ஸ்டெப்னியையும் ஒரு சந்தேகத்துக்குப் பிரித்தோம். அதிலும்.

பஞ்சர் ஆகாமல் இருக்க ஊற்றுகிற பசையாம் இது. ஆணி குத்தினால் ஓட்டையை உள்ளிருந்தே அடைத்துவிடுமாம். அளவாக ஊற்றினால் தொந்தரவு இல்லை. அளவு மீறினால், நிறுத்தி வைத்திருக்கும்போது அடியில் தேங்கிவிடும். ஓடும்போது அங்கும் இங்கும் அலையும். எடை இடம் மாறிக்கொண்டே இருந்தால் பாவம் அந்த இயந்திரம் எந்த இடத்தைக் காட்டும்? "இத்தனை வருஷத்துல இவ்வளவு ஊத்தி நான் பார்த்ததே இல்லீங்க. யாரோ ரொம்பப் பயந்த ஆளு" என்றார் டயர்கடைக்காரர்.

எனக்கு ஒரு பயந்த ஆளைத்தான் தெரியும்.

சம்பந்தி


மார்ச் 17

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

ஊற்றியது நான்தான். அதை ஒரு குற்றம் போலத் தாங்கள் எழுதியிருப்பதுதான் வருத்தமாக இருக்கிறது.

காரைத் தங்களிடம் ஒப்படைப்பதற்கு முதல் நாள் ஊற்றச் சொன்னேன். டயருக்கு ஒரு பாட்டில் போதும் என்றான் கடைக்காரன். போதும் என்று சொல்கிறவர்களை நம்பி லிப்டில் ஏறியவர்கள் எத்தனை பேர் மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு ஊற்றச் சொன்னேன். மிச்சமிருந்ததையும் வீணாக்க வேண்டாமே என்று பகிர்ந்து ஊற்றச் சொன்னேன். அதற்குப் பிறகு நான் அந்தக் காரை ஓட்டவே இல்லை. ஆகவே என்னிடம் இருந்தவரை அது நடுங்கவில்லை என்று நான் எழுதியது அப்பட்டமான உண்மை.

இன்னொன்றையும் தாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். இதுவரை ஒரு பஞ்சராவது ஆனதா?

என் மகளிடம் சொல்லாததற்குக் காரணம், சொன்னால் சிரிப்பாள். ஜன்னலுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டதற்கே சிரித்தாள். அந்த நெடுஞ்சாலையில் பாதி வழியில் ஒரு மரம் கிடையாது. அங்கே டயர் பஞ்சராகி, இடுப்பில் சிட்டுவோடு என் மகள் வெயிலில் நிற்பதுபோல நினைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவர்கள் பத்திரமாக என்னிடம் வந்து சேர வேண்டும் என்பதற்காகச் செய்தேன். அதுவே அவர்களை வரவிடாமல் செய்துவிட்டது. இதைத் தாங்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

பூனை எப்படி இருக்கிறது?

தங்கள்,
சம்பந்தி


மார்ச் 22

சம்பந்தி அவர்களுக்கு,

பூனை நலம். வால் மட்டும் இன்னும் லேசான பச்சை.

டயர்களைக் கழுவித் துடைத்து மாட்டியாயிற்று. இயந்திரம் ஒரே இடத்தைக் காட்டியது; அங்கே ஈயம் ஒட்டினார்; வேலை முடிந்தது. நேற்று உங்கள் மகளே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். தொண்ணூறு வரை போனேன். வளையல் அசையவில்லை. அவள் ஸ்டியரிங் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "எங்கப்பா இருக்காரே..." என்று ஆரம்பித்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வருகிற சனிக்கிழமை வருகிறோம். என் மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் மூன்று பேர். ஞாயிறு சாயங்காலம் கட்டாயம் கிளம்பியாக வேண்டும், திங்களன்று ஒரு ஹோட்டலுக்குத் திரைச்சீலை மாட்ட வேண்டும்.

சுவரில் பல்லி இருந்தால் விரட்டாதீர்கள். அவளுக்குப் பிடிக்கும்.

சம்பந்தி


ஏப்ரல் 3

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். நடுக்கம் இல்லை. ஹோட்டல்காரரிடம் கெஞ்சி ஒரு வாரம் தவணை வாங்கிவிட்டேன். உபசாரத்துக்கு நன்றி. எத்தனை தாழ்ப்பாள் இருந்தாலும் உங்கள் வீடு நல்ல வீடு.

இனி நான் எழுதப்போவது நம் இருவருக்குள் இருக்கட்டும்.

ஞாயிறு சாயங்காலம் கிளம்ப நாங்கள் பையைத் தூக்கியபோது, வெளியே போய்ப் பார்த்துவிட்டு முதலில் வந்து சொன்னவர் நீங்கள்தான். "அடடா, பின் டயர் படுத்துடுச்சே! நல்லவேளை, வாசல்லயே ஆச்சு. நடு ரோட்டுல ஆகியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றீர்கள். அந்தக் குரலில் அவ்வளவு வருத்தம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஸ்டெப்னி எங்கே என்று பார்த்தால், அன்று காலையில்தான் அதைக் காற்று பார்ப்பதற்காக உங்கள் சிநேகிதரான மெக்கானிக்கிடம் கொடுத்தனுப்பியிருந்தீர்கள். அந்தச் சிநேகிதர் எங்கேயோ கல்யாணத்துக்குப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமைதான் வந்தார். அந்த டயரைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பஞ்சர் ஒட்டிக்கொண்டு வரக்கூட அதுவரை உங்கள் வீட்டில் ஜாக்கி கிடைக்கவில்லை. எல்லாவற்றிலும் இரண்டு வைத்திருக்கும் வீட்டில்.

பஞ்சர் ஒட்டியபோது நான் பக்கத்திலேயே நின்றேன். ஆணியைக் குறட்டால் பிடுங்கி என் கையில் கொடுத்தார்கள். ரோட்டில் ஏறும் ஆணி சாய்ந்து ஏறும், தலை தேய்ந்து போயிருக்கும். இது நேராக இறங்கியிருந்தது. தலை உருண்டையாக, செம்பு நிறத்தில், ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளத்தது. நீளமான குமிழ் ஆணி. நான் இருபது வருஷமாக வாங்குகிற ரகம்.

உங்கள் மகளிடம் சொல்லவில்லை. சொல்லலாமா என்று யோசித்தேன். ஆனால் திங்களன்று மத்தியானம் நடந்ததை நானும்தானே பார்த்தேன். சிட்டு அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீங்கள் முழங்காலை நீட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். கூப்பிடக்கூட இல்லை. அவள் மேசையை விட்டாள். இரண்டு எட்டு வைத்தாள், ஆடினாள், நின்றாள், மீதியையும் நடந்து வந்து உங்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். ஆபரேஷன் செய்த முழங்கால். வலித்திருக்கும். நீங்கள் அசையவே இல்லை.

என் வீட்டில் முதல் அடி வைத்திருக்க வேண்டிய குழந்தை. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. மறைக்க மாட்டேன். ஆனால் ஞாயிறே கிளம்பியிருந்தால் அதையும் நீங்கள் உள்ளங்கை அகலத் திரையில்தான் பார்த்திருப்பீர்கள். அதை நினைத்தால் என் வாய் அடைத்துக்கொள்கிறது.

ஆணியை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் பொருள் உங்களிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
சம்பந்தி


ஏப்ரல் 8

அன்புள்ள சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை ஒரே ஒரு முறை படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிட்டேன். பாதுகாப்புக்காகத்தான். இதையும் அப்படியே செய்துவிடுங்கள்.

ஆணி எப்படி டயரில் ஏறியது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. மிச்சமிருந்த ஆணிகளை நான் எண்ணி வைக்கவில்லை. ஒன்று உருண்டு வாசலுக்குப் போயிருக்கலாம். போன ஆணி நட்டுக்குத்தலாக நின்றிருக்கலாம். உலகத்தில் எத்தனையோ நடக்கிறது.

மூக்கு விஷயத்தை நிதானமாக மறுபடியும் யோசித்தேன். அப்பாவின் புகைப்படத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. சிட்டுவின் மூக்கு தங்கள் வீட்டு மூக்குதான். என் மகளிடமும் தாராளமாகச் சொல்லலாம், நானே எழுதிக் கொடுத்துவிட்டதாக. மற்றதைச் சொல்ல வேண்டாம்.

அனுப்பிய ஆணி கிடைத்தது. பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

அடுத்து எப்போது வருகிறீர்கள்?

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி